கதவு, சரி!

எங்கள் பஸ் கொம்பனியின் பெயர் ஹெரன். அது கொக்கு இனத்தில் ஒரு பறவை. எதற்கும் அவசரப்படாமல் ஒற்றைக் காலில் நிற்குமாம். பெயர் வைத்த புண்ணியவானுக்குப் பின்னால் நடக்கப்போவது எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. கிங்ஸ்பெரியில் தொடங்கி வெம்பிளி வழியாக அல்பேர்ட்டன் வரை ஓடும் ஒரே ஒரு றூட், பதினொரு பஸ், அவற்றைத் திருத்த ஒரு மெக்கானிக், அந்த மெக்கானிக்கைக் கண்காணிக்க ஒன்பது மனேஜர்கள். இவ்வளவுதான் கொம்பனி.

நான் கிருஷ்ணராசா. சுவிஸில் பேர்ன் நகரத்து ஹோட்டலில் பத்து வருடம் கோப்பை கழுவிவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டுகிறவன். கொம்பனியில் என்னை 'கிறிஸ்' என்பார்கள். மிச்சத்தைச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

2009ஆம் ஆண்டு கோடையில் எங்கள் பஸ்கள் பிந்தி வருவதாக முறைப்பாடுகள் குவிந்தன. இப்படியே போனால் றூட்டைப் பிடுங்கி வேறு கொம்பனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று லண்டன் போக்குவரத்து மேலிடம் வெருட்டியது. வேறு யாராவது டிரெக்டராக இருந்திருந்தால் பஸ்களைத் திருத்தியிருப்பார். எங்கள் டிரெக்டர் மிஸ்டர் கிறிம்ஷோ ஜப்பானுக்குப் போனார்.

அங்கே ஒரு சின்ன நகரத்தில் எங்களைப் போலவே ஒரு சின்னக் கொம்பனி, சில டிராம்களும் கொஞ்சம் பஸ்களும் வைத்து நேரம் தவறாமல் ஓட்டுகிறதாம். அந்த நகரத்தின் பெயரைக் கிறிம்ஷோ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். ஒரு கிழமை தங்கி, மெலிந்து, கண்களில் புது ஒளியோடு திரும்பி வந்து எங்களை டிப்போவில் கூட்டிவைத்துப் பேசினார்.

"நண்பர்களே, அங்கே ஒரு டிராம் சாரதியைப் பார்த்தேன். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, 'சிக்னல், சரி' என்று உரத்துச் சொன்னார். டிராம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. எல்லாம் விரலில் இருக்கிறது!"

மெக்கானிக் கையை உயர்த்தினார். "அந்த டிராம்களை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தீர்களா?"

"அதற்கு நேரம் கிடைக்கவில்லை. விருந்துகள் நிறைய இருந்தன" என்றார் கிறிம்ஷோ.

அடுத்த நாளே வெள்ளைக் கையுறைகள் வந்து இறங்கின. என் பஸ்ஸின் கதவுக்கு மேல் மூலையில் ஒரு போல்ற் ஆணி இல்லை. கதவு மூடுவதுபோல் பாவனை காட்டிவிட்டுத் திரும்பத் திறந்துகொள்ளும். அந்தப் போல்ற்றை வாங்கித் தரும்படி மெக்கானிக் மாதக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். உதிரிப்பாகத்துக்கு ஒதுக்கிய காசு கையுறைக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. கதவில் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி, அதை இழுத்துப் பிடிக்க ஒரு ஆளையும் போட்டார்கள். அந்த ஆள் லெஸ்லி, மன்னார்ப் பெடியன். பஸ் ஓட்டப் பழகவென்று கொம்பனிக்கு வந்தவனுக்கு 'கதவு அலுவலர்' என்று சட்டையில் பட்டி குத்திவிட்டார்கள்.

புது முறையின் முதல் நாள் நான் கையுறையோடு கதவைச் சுட்டிக்காட்டி, "கதவு, சரியில்லை" என்று உரத்துச் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். கிறிம்ஷோ ஓடிவந்தார்.

"கிறிஸ், கையேட்டில் 'சரியில்லை' என்ற சொல்லே கிடையாது. ஒரு கிழமை முழுக்க ஜப்பானில் ஒருவராவது 'சரியில்லை' என்று சொல்லி நான் கேட்கவில்லை."

"அங்கே கதவு மூடியிருக்கும், சேர்."

"பார்த்தாயா? 'சரி' என்று சொன்னதால்தான் மூடியிருக்கிறது."

அன்றிலிருந்து நான் திறந்த கதவைச் சுட்டி "கதவு, சரி!" என்பேன். லெஸ்லி கயிற்றைச் சுட்டி "கயிறு, சரி!" என்பான். "நான் கயித்தைப் பற்றி மட்டும்தான் சொல்லுவன், அண்ணை. கதவைப் பற்றிச் சொன்னா பேந்து பாவசங்கீர்த்தனத்தில பாதரிட்ட சொல்லவேண்டி வரும்" என்று என்னிடம் விளக்கினான்.

கண்ணாடியைச் சுட்டவேண்டும், கைப்பிடியைச் சுட்டவேண்டும், ஏறுகிற பயணியையும் சுட்டி "பயணி, சரி!" என்று சொல்லவேண்டும். சனத்தைப் பார்த்து விரல் நீட்டினால் லண்டனில் என்ன நடக்குமோ அது நடந்தது. குஜராத்தி அம்மா ஒருவர், "நான் ரிக்கெற் எடுத்திட்டேன், ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கிறாய்?" என்று அழுதார். ஒருவன் என் விரலைப் பிடித்து மடக்கி என்னிடமே திருப்பித் தந்தான். இத்தனையும் சுட்டி முடிய பஸ் முன்னரைவிடப் பிந்தியது. பிந்தினால் இறங்கி நின்று குனிந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது அடுத்த விதி. அதனால் இன்னும் பிந்தியது.

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுகிற விசயம்தான், லோஜினியின் கலியாணம் மட்டும் குறுக்கே வந்திராவிட்டால்.

லோஜினி என் ஒரே தங்கச்சி. அம்மா அப்பா இல்லை. அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு எங்கள் சனத்தின் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததை நான் காணவில்லை. ரெலிபோன் அடித்தால் நெஞ்சு திக்கென்னும். அப்படிப்பட்ட வருடத்தில் ஐப்பசியில் ஒரு நல்ல காரியம் அமைந்தது எனக்குக் கும்பிடத் தோன்றிய விசயம். மாப்பிள்ளை லதீசன், கிங்ஸ்பெரியில் எலக்ட்ரிசியன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் செம்பில் தண்ணீர் வார்த்து அவர் காலைக் கழுவி, கைபிடித்து உள்ளே கூட்டிப்போகவேண்டும். மாப்பிள்ளை பதிலுக்கு ஒரு மோதிரம் போடுவார். எங்கள் குடும்பத்தில் அதற்கு என்னைவிட்டால் ஆளில்லை.

"அண்ணை, நீங்கள் வராட்டி அந்தாள் வாசல்லயே நிக்கும். நான் உள்ளுக்க மணவறையில தனிய இருக்கவேண்டி வரும், சொல்லிப்போட்டன்" என்றாள் லோஜினி. குரல் விளையாட்டாகத்தான் இருந்தது. கண் விளையாடவில்லை.

லீவு கேட்கப் போனேன். மனேஜர்களோடு கூட்டத்தில் இருந்த கிறிம்ஷோ என்னை உற்றுப் பார்த்தார். "கிறிஸ், நீ ஆசியாவிலிருந்து வந்தவன்தானே?"

"ஓம். சிலோன்."

"அருமை! எங்களிடம் ஒரு ஆசியர் இருப்பதையே நான் மறந்துவிட்டேன்." டிப்போவில் பாதிப் பேர் பஞ்சாபிகள். அவர்களைத் தாண்டித்தான் தினமும் தன் அறைக்குப் போகிறார். "நீதான் இனி எங்கள் ஆசிய மரபு ஆலோசகர். குனிவது எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அரை மணிநேரத்துக்கு மேல் பிந்தும்போது செய்ய இன்னும் ஆழமான மன்னிப்பு ஒன்று வேண்டும். உன் இரத்தத்தில் இருக்கும். யோசி. கலியாண லீவைப் பற்றிப் பிறகு பேசுவோம்."

நான் வாழ்க்கையில் மட்டக்களப்புக்குக் கிழக்கே போனவனில்லை. ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரேடியோவும் ஒரு மோட்டார்சைக்கிளும். ஒன்பது மனேஜர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு கண்ணுக்கு முன்னால் ஆடியது. கொக்குவில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தால் வாத்தியார் செய்யச் சொல்வது ஞாபகம் வந்தது. கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்து, மூன்று தரம் தோப்புக்கரணம் போட்டேன்.

"எவ்வளவு ஆழம்!" என்றார் ஒரு மனேஜர். "முழங்கால்வரை போகிறது" என்றார் இன்னொருவர். கிறிம்ஷோ கண்களைத் துடைத்தார். லீவு கிடைத்தது.

அடுத்த கிழமை படங்களோடு கையேடு அச்சாகி வந்தது. போலந்துக்காரன் மரேக் இருந்த இருப்பில் எழும்பமுடியாமல் வெம்பிளி சென்ரல் ஸ்டொப்பில் உட்கார்ந்திருக்க, பின்னால் வந்த பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. சோமாலியாக்காரர் அப்டி, "காதைப் பிடித்தால் பிரேக் பிடித்த பஸ்ஸைப் போல நின்றுவிடுகிறேன்" என்று முறையிட்டார். என்னை எல்லோரும் முறைத்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எங்கள் சனம் இதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. ஹை றோட்டுக்கு முந்திய ஸ்டொப்பில் நான் இறங்கித் தோப்புக்கரணம் போட்டதைக் கண்ட நாகேஸ்வரி அக்கா, கோயிலுக்குப் போகிற வழியில் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் காதைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பிள்ளையார் எந்தப் பக்கம்?"

"பிள்ளையார் இல்லை அக்கா, இது கொம்பனி றூல்."

"இல்லாமல் ஒருத்தன் யூனிபோர்மோட தோப்புக்கரணம் போடுவானே? நீர் சும்மா இரும்" என்று சொல்லி, ஸ்டொப் கம்பத்தடியில் ஒரு வாழைப்பழம் வைத்தார். மறுநாள் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது. கிழமை முடிவில் கம்பத்துக்குச் சந்தனப்பொட்டு, பெயரும் 'பிள்ளையார் ஸ்டொப்' ஆகிவிட்டது. அந்த ஸ்டொப்பில் மட்டும் முறைப்பாடே வருவதில்லை, பயணிகள் பழம்கூடக் கொண்டுவருகிறார்கள் என்று மாத அறிக்கையில் எழுதினார் கிறிம்ஷோ.

அந்த வெற்றியில் தலைகால் தெரியாமல், ஜப்பான் கொம்பனியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். மிஸ்டர் நிஷிமூரா, டிராம் ஓட்டி ஓட்டி மேலே வந்த பெரியவர். அவர் வரக்கூடிய ஒரே நாள், லோஜினியின் கலியாண நாள்.

"ஆலோசகர் இல்லாமல் எப்படி?" என்று என் தோளில் கை வைத்தார் கிறிம்ஷோ. "ஆசியாவில் குடும்பம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும், கிறிஸ். அதனால்தான் சொல்கிறேன், உன் தங்கை புரிந்துகொள்வாள். வராவிட்டால் றூட்டோடு சேர்த்து உன் வேலையும் போகும். உனக்காக நான் மிகவும் வருந்துகிறேன்." வருத்தத்தைக் காட்ட அரைத் தோப்புக்கரணம் ஒன்று போட்டார்.

வீட்டுக்கு வந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் மனைவி தயாளினிதான் வழி சொன்னாள். "கலியாண ஹோல் உங்கட றூட்டிலதானே இருக்கு? முன்னால ஸ்டொப்பும் இருக்கு. இறங்கிக் காலைக் கழுவிப்போட்டு ஏறிப் போங்கோவன். செம்பையும் தண்ணியையும் நான் கட்டித் தாறன்."

"அவர் வாற நேரமும் பஸ் வாற நேரமும் ஒண்டா இருக்கவேணுமே."

"பஸ் எப்பிடியும் பிந்தும். மாப்பிள்ளையும் பிந்துவார். சந்திக்காமல் எங்க போறது?"

அந்தச் சனிக்கிழமை ஸ்டேடியத்தில் ஏதோ மாட்ச். வெம்பிளி முழுக்கச் சனம். சீட்டுக்கடியில் செம்பு, தண்ணீர்ப் போத்தல், மடித்த வேட்டி. பின்னால் கிறிம்ஷோ, மனேஜர்கள், ஒரு படப்பிடிப்பாளர். முன் சீட்டில் நிஷிமூரா, மடியில் தொப்பி. கதவருகே கயிற்றோடு லெஸ்லி. கிங்ஸ்பெரியில் புறப்பட்டதும் கண்ணாடியைச் சுட்டி, "கண்ணாடி, சரி!" என்றேன். கண்ணாடியில் ஒரு கார் தெரிந்தது. ரிப்பனும் பூவும் கட்டிய கார். அதற்குப் பின்னால் மேளகாரரின் வான். மாப்பிள்ளை என் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

ஒடுங்கிய றோட்டு, முந்த வழியில்லை. ஒவ்வொரு ஸ்டொப்பிலும் நான் சுட்டினேன், கூவினேன், குனிந்தேன். பின்னால் ஹோன் அடித்தார்கள். ஹோன் சத்தம் பிந்துவதற்கு அடையாளம், ஆகவே இன்னொரு தரம் குனியச் சொன்னார் கிறிம்ஷோ. முகூர்த்தத்தைப் பிடித்து வைத்திருப்பது நான்தான் என்று எனக்கு விளங்கியபோது கையுறைக்குள் விரல்கள் வேர்த்துவிட்டன. லோஜினி மணவறையில் தனியே இருப்பாள்.

பிள்ளையார் ஸ்டொப்பில் பிந்தல் அரை மணியைத் தாண்டியது. "எல்லோரும் இறங்குங்கள்!" என்று உத்தரவிட்டார் கிறிம்ஷோ. விருந்தினருக்கு முன்னால் மனேஜர்கள் ஒன்பது பேரும் வரிசையாக நின்று காதைப் பிடித்தார்கள். மேளகாரர் இதைக் கண்டு, கோயில் காரியம் என்று நினைத்து வானுக்குள் இருந்தே கெட்டிமேளம் கொட்டினார்கள். கிறிம்ஷோ மூன்றாவது தோப்புக்கரணத்தில் இருந்தவர் இருந்தபடி, எழும்பவில்லை. லெஸ்லி கயிற்றின் மறுநுனியை அவரிடம் எறிந்து, இழுத்து எழுப்பினான்.

நிஷிமூரா என் பக்கத்தில் வந்து மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். "இது என்ன?"

"உங்கள் நாட்டு முறை, சேர்" என்றேன்.

அவர் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். "அப்படியா" என்றார்.

"உங்கள் ஊரில் டிராம் பிந்தினால் என்ன செய்வீர்கள்?"

"கதவை மூடிக்கொண்டு புறப்படுவோம்." சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். பிறகு லெஸ்லியைப் பார்த்தார். "இந்தக் கதவு...?"

"கயிறு சரி, சேர்" என்றான் லெஸ்லி.

பெரியவர் எட்டி, போல்ற் இல்லாத ஓட்டைக்குள் சின்ன விரலை விட்டுப் பார்த்தார்.

அதற்குள் தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக லதீசன் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "மச்சான்! முகூர்த்தம் போகுது, நீங்கள் இஞ்ச நிண்டு தோப்புக்கரணம் போடுறியளே?"

"ஏறுமன்!" என்று கத்தினேன். "முன்னால பஸ் லேன் இருக்கு, கார் போக ஏலாது, நான் போவன். எல்லாரையும் ஏறச் சொல்லும்!"

மாப்பிள்ளை, தட்டங்களோடு மாமிமார், மேளம், நாதஸ்வரம் எல்லாம் ஏறின. கிறிம்ஷோ வாய் திறந்தார். "கிறிஸ், அடுத்த ஸ்டொப்பில் இரண்டாம் நிலை மன்னிப்பு..." நிஷிமூரா எழுந்து என் பக்கத்தில் நின்றார். சிக்னலைச் சுட்டித் தன் பாஷையில் கணீரென்று ஏதோ சொன்னார். பச்சை. ஜப்பானே போகச் சொல்லும்போது கிறிம்ஷோவால் என்ன செய்ய ஏலும்? நான் மிதித்தேன். இடையில் இருந்த ஸ்டொப்புகளில் இறங்க யாரும் மணி அடிக்கவில்லை. மேளச் சத்தத்தில் அடித்தாலும் கேட்டிராது. கொம்பனி தொடங்கியதிலிருந்து ஹெரன் பஸ் ஒன்று அப்படிப் பறந்ததில்லை.

மண்டபத்து ஸ்டொப்பில் தயாளினி ஆரத்தியோடு நின்றாள். வேட்டி கட்ட நேரமில்லை. யூனிபோர்மோடு இறங்கி, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பஸ் படியில் நின்ற லதீசனின் காலுக்குச் செம்புத் தண்ணீரை வார்த்தேன். குளிர்ந்த தண்ணீர். மாப்பிள்ளை ஒரு துள்ளுத் துள்ளி, மோதிரத்தை என் விரலில் போட்டார். அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மணவறையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த லோஜினி என்னைக் கண்டதும், அந்த வருடத்தில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

படப்பிடிப்பாளர் படமெடுத்துத் தள்ளினார். கிறிம்ஷோ குரல் தழுதழுக்கக் கேட்டார். "இது... இது எத்தனையாவது நிலை?"

நான் மறுமொழி சொல்ல முதல் லெஸ்லி முந்திவிட்டான். "இதுதான் கடைசி, சேர். இதுக்கு மேல ஒண்டுமில்லை."

திங்கட்கிழமை ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு பிளாஸ்ரிக் பேசினும் துவாயும் இருந்தன. பிந்தினால் சாரதி பயணியின் காலைக் கழுவவேண்டும். என் மோதிரத்தைக் கடமை நேரத்தில் வாங்கிய அன்பளிப்பு என்று பறித்து, தொலைந்த பொருட்கள் அலுமாரியில் ஒற்றைச் சப்பாத்துக்கும் பாதிப் பல்செட்டுக்கும் நடுவில் வைத்தார்கள். தயாளினி போய், பஸ்ஸில் மோதிரம் தொலைந்துவிட்டது என்று அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிள்ளையார் ஸ்டொப்பில் நாகேஸ்வரி அக்கா செருப்பைக் கழற்றி ஆயத்தமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தது.

"எங்கட சேர்ச்சில பாதர் வருசத்தில ஒருக்கா, பெரிய வியாழனுக்குத்தான் இது செய்யிறவர், அண்ணை. அதுவும் பன்னிரண்டு பேருக்கு மட்டும்" என்றான் லெஸ்லி.

"வாயை மூடிக்கொண்டு துவாயை எடும்" என்றேன்.

மார்கழியில் ஜப்பானிலிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. அனுப்பியவர் நிஷிமூரா. பஞ்சுக்குள் ஒரு போல்ற். மெக்கானிக் அதைக் கண்டு குழந்தையைப்போலத் துள்ளினார். அளவு அச்சொட்டாக இருந்தது. அதை அவர் கையிலெடுக்க முதல் கிறிம்ஷோ வாங்கிக்கொண்டார்.

"இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிகிறதா?" என்று எங்களைக் கேட்டார். "ஒரு போல்ற்! எல்லாவற்றையும் இணைப்பது! எவ்வளவு ஆழமான தத்துவம்!"

இப்போது அது டிப்போ வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன விளக்கின் கீழ் இருக்கிறது. தினமும் காலையில் நாங்கள் அதற்கு முன்னால் வரிசையில் நின்று, கையுறை விரலால் சுட்டிக்காட்டி "போல்ற், சரி!" என்று கூவிக் குனிகிறோம். பிறகு நான் பஸ்ஸில் ஏறுவேன். லெஸ்லி கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வான். கதவு மூடுவதுபோல் பாவனை காட்டிவிட்டுத் திரும்பத் திறந்துகொள்ளும். குளிர்காற்று முகத்தில் அடிக்க, நான் அதைப் பார்த்து விரலை நீட்டுவேன்.

"கதவு, சரி!"